கத்தி யாருக்கு?

"இவர் தொண்டையில ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்! இல்லேன்னா நான் விதவையாத்தான் நிக்கணும்."

உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள் இன்திசார். அவள் கணவன் கலஃப் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அகபா துறைமுகத்திலிருந்து பாக்தாத்துக்கு லாரி ஓட்டுபவன்.

"தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு மாஸ்க் மிஷின் குடுத்தேனே?" என்றார் டாக்டர் ருலா.

"மூணு மாசம் மாட்டிப் பார்த்துட்டேன். பிரயோஜனமில்ல. வெட்டிடுங்க," என்றான் கலஃப்.

"எங்க மாட்டினாரு? சோம்பேறி! போன வாரம் ஸ்டியரிங்லயே தூங்கி லாரியை மணல்ல இறக்கிட்டாரு."

"மாஸ்க் ஒத்துக்கலேன்னாதான் கத்தி. அதுலயும் எல்லாருக்கும் பலன் இருக்காது."

அவர்கள் கொண்டு வந்திருந்த மிஷினின் பதிவுக் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார் டாக்டர்.

"அடடே! தினமும் ஏழு மணி நேரம் ஓடியிருக்கு. மூச்சு நிக்கவே இல்ல. இதுக்கு எதுக்கு ஆபரேஷன்?"

இன்திசார் எட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"இருங்க... எல்லாமே காலை பத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பகல்லயா தூங்கறீங்க?"

"பகல்ல இவர்தானே வண்டி ஓட்டறாரு!" என்றாள் இன்திசார்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப இதை மாட்டிக்கிட்டுத் தூங்கினது யாரு? மூணு மாசம் மாட்டினேன்னு நீங்க சொன்ன பொய்யை நம்பி உங்க தொண்டையில கத்தி வெச்சிருப்பேனே!"

கலஃப் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எங்க கம்பெனியில ராத்திரி லாரி ஓட்டற ஒருத்தன் டாக்டர். என்னைவிட அவனுக்கு மூச்சு மோசமா நிக்குது. வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும்னு அழறான். எனக்கு ஆபரேஷன் ஆயிட்டா, மிஷின் அவன்கிட்டயே இருக்கட்டும்னு..."

"ரோட்டுல போறவங்க உயிர் என்ன ஆகும்? ஆபரேஷன் கிடையாது. மாஸ்க் இனிமே உங்க மூக்குல இருக்கணும். அதுக்கும் கேக்கலேன்னா அப்புறம் யோசிப்போம். அவனை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் லாரியைத் தொடக்கூடாது."

இன்திசார் கொதித்து எழுந்தாள்.

"எவனோ ஒருத்தனுக்காக உங்க தொண்டையைக் குடுக்க வந்தீங்களா? அவன் உருப்படுவானா? அந்தத் திருடன் தொண்டையை முதல்ல அறுங்க டாக்டர்!"

கலஃப் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான், உன் தம்பி."