கிழக்கும் மேற்கும்

துருவத்து மலைத்தொடரை அளக்கப் போன இடத்தில், மண்ணெண்ணெய் அடுப்பை யார் அணைக்காமல் விட்டது என்று மாசிலாமணியும் அருளப்பனும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து நடந்தார்கள். அதன்பின் முப்பது வருடம் பேச்சே இல்லை. பிரிந்த நான்காம் நாள், கிழக்குப் பக்கத்திலிருந்து தெரிந்த ஒரு சிகரத்துக்கு மாசிலாமணி பெயர் வைக்க வேண்டியிருந்தது. அளப்பவர் தன் பெயரை வைக்கக் கூடாது. பென்சிலை எடுத்தார், வரைபடத்தில் ‘அருளப்பன்’ என்று எழுதினார். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று வரைபட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேற்குப் பக்கத்துலேர்ந்து பாத்து அருளப்பன் சார் ஒரு சிகரத்துக்கு உங்க பேரை வச்சிருக்கார் சார். சாட்டிலைட் படத்துல பாத்தா ரெண்டும் ஒரே மலை. முதல்ல வச்ச பேர்தான் நிக்கும்.”

“யாரு முதல்ல?”

“அவர்தான். உங்களுக்கு மூணு நாள் முந்தி.”

மாசிலாமணி விரல்விட்டு எண்ணினார். சண்டைக்கு மறுநாள்.

“அவன்கிட்ட சொல்லிட்டியாம்மா?”

“இனிமேதான் சார்.”

“நம்பரைக் குடு. நானே சொல்றேன்.”

நாளிதழின் ஓரத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டார். அழுத்துவதற்கு முன், வரைபடத்திலிருந்து போகப்போகும் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.