நாற்பத்தோராவது சீட்டு

"வந்துட்டான்யா! நேத்துப் பாத்த மூஞ்சியையே இன்னிக்கும் பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு."

எனிலேசி கருவாட்டுக் கூடையின் மேல் சாக்கை இழுத்துப் போர்த்தினாள். லாக்சன் அதைப் பார்க்காதவன் போலச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"சந்தை வரி இருநூறு குவாச்சா, அக்கா."

"எதுக்கு?"

"சந்தைக்கு."

"இந்தச் சந்தையில உங்க ஆபீஸ் என்னத்தைக் கிழிச்சிருக்கு? ரோடு ஒரு நாட்டுக்காரன் போட்டது. கூரை இன்னொரு நாட்டுக்காரன் போட்டது. பள்ளிக்கூடச் சுவத்துல மூணு கொடி வரைஞ்சிருக்கு. அதுல மலாவிக் கொடி எதுன்னு காட்டு, இருநூறு என்ன, நானூறு தரேன்."

பக்கத்துக் கடைத் தக்காளிக்காரி விடவில்லை. "அக்கா, அவன் சட்டை முதுகைப் பாரு. அதுவும் எவனோ குடுத்ததுதான்."

சந்தையே சிரித்தது. லாக்சனின் முதுகில் ஏதோ ஓர் உதவித் திட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அந்த அடிபம்பும் அவங்க போட்டதுதான்" என்றான் லாக்சன்.

எனிலேசி பம்பு இருந்த பக்கம் திரும்பினாள்.

பம்பு நின்று பதினாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சந்தை ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. போன மழைக்குக் காலரா வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் போட்ட கூடாரத்துக்குள் போன எனிலேசியின் மகன் திரும்பி வரவில்லை.

"அவனுங்க போட்டது. அவனுங்களே வந்து சரி பண்ணட்டும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"வரமாட்டாங்கக்கா. வந்தாலும் உன்னால அவங்ககிட்ட சண்டை போட முடியுமா? சும்மா குடுத்தவன்கிட்ட என்னன்னு கேப்பே? எங்களுக்கு இருநூறு குடு. அப்புறம் பம்பு எங்கேடான்னு என் சட்டையைப் பிடி. எவனும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது."

எனிலேசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"குடுடா சீட்டை. பிடிக்கத்தான் போறேன்."

அதன் பிறகு அவள் ஒருநாளும் தவறவில்லை. சீட்டுகளைத் தூண்டில் நரம்பில் கோர்த்துக் கடைக் கம்பத்தில் தொங்கவிட்டாள். தினமும் நோட்டை நீட்டும்போது, "பம்பு எங்கேடா?" என்று கேட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். கொடுக்காதவர்கள் கடை முன்னால் லாக்சன் அசையாமல் நின்றான். அவனுக்கு 'அட்டை' என்று பேர் வைத்தார்கள். கவ்வினால் விடமாட்டானாம்.

நாற்பதாம் நாள் மாலை, வரி அதிகாரி கலோங்காவின் அறைக்குப் போனான்.

"பம்புக்குக் கம்பியும் ரப்பரும் வாங்கற அளவுக்குச் சேர்ந்துடுச்சு சார். மழைக்கு முன்னாடி மாட்டிடலாம்."

கலோங்கா அவன் நீட்டிய வசூல் கணக்குக் காகிதத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உன்னை யாருய்யா இவ்வளவு வசூல் பண்ணச் சொன்னது?"

லாக்சனுக்குப் புரியவில்லை.

"சொந்த வருமானம் இல்லாத மாவட்டம்னுதான் நமக்கு உதவிப் பணம் வருது. குடுக்கறவங்க அடுத்த வாரம் பாக்க வராங்க. இதைக் காட்டினா, 'உங்களாலயே முடியுதே'ன்னு பக்கத்து மாவட்டத்துக்குப் போயிடுவாங்க. உன் வசூல் ஒரு பம்புக்குப் போதும். ஆஸ்பத்திரி மருந்துக்குப் போதுமா? உன் சம்பளத்துக்குப் போதுமா?"

"அப்ப பம்பு, சார்?"

"அவங்க வந்து போற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அது ஓடிக்கிட்டிருந்தா அவங்களுக்கு எதைக் காட்டறது? பணம் பெட்டியிலயே கிடக்கட்டும்."

"மழை வந்துடும் சார். அந்தக் கருவாட்டுக்கார அக்கா பையன் போன மழைக்கு..."

"தெரியும்." கலோங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் அக்கா மகளும் அதே கூடாரத்துலதான் போனா."

கலோங்கா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க மனசு வெச்சா அஞ்சு பம்பு வரும் லாக்சன்."

"எப்ப சார்?"

கலோங்கா காகிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். "நாளையிலிருந்து யார்கிட்டயும் வாங்காதே" என்றார்.

மறுநாள் காலை எனிலேசி நோட்டோடு தயாராக நின்றாள்.

"இந்தா, நாப்பத்தொண்ணு. பம்பு எங்கேடா?"

"வேண்டாம்க்கா. இனிமே யாரும் குடுக்க வேண்டாம்."

தக்காளிக்காரி காதைத் தீட்டிக்கொண்டாள். "என்னது? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"நிஜமாத்தான். வரி கிடையாது."

செய்தி கடைகடையாக ஓடியது. ஒருத்தி குலவையிட்டாள். தக்காளிக்காரி நாலு பழங்களைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

"இவ்வளவு நல்ல மனசை வெச்சுக்கிட்டு இருந்தியே! உன்னைப் போய் அட்டைன்னோமே!"

வேலையில் சேர்ந்த இத்தனை வருஷத்தில் சந்தை அவனை நல்லவன் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

எனிலேசி மட்டும் சிரிக்கவில்லை. துருப்பிடித்து நின்ற பம்பைப் பார்த்தாள். ஏரிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்தாள். கடையைச் சுற்றிக்கொண்டு நேரே அவன் எதிரில் வந்தாள். அவள் கை அவன் சட்டைக் காலர் வரைக்கும் உயர்ந்தது.

பிடித்து உலுக்கட்டும் என்று லாக்சன் காத்து நின்றான்.

கை அங்கேயே தயங்கிக் கீழே இறங்கியது. அவன் உள்ளங்கையை இழுத்து நோட்டை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"வாங்கிக்கடா லாக்சன்" என்றாள். "நீ வாங்கலேன்னா நான் யார் சட்டையைப் பிடிப்பேன்?"