மானிய அடுப்பு

தாயில்பட்டியில், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த, இன்னும் பற்றவைக்காத புது கேஸ் அடுப்பு செல்வலட்சுமி வீட்டு மேடையில் சாயங்கால வெயில் பட்டு மினுங்குகிறது. பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள், மருந்துத்தூள் போகத் தலையோடு குளித்துச் சேலை மாற்றிய பிறகே தீப்பெட்டியைத் தொடுகிறாள். குமிழைத் திருகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்ட நின்று குச்சியை நீட்டுகிறாள். குப்பென்று பற்றியதும் ஒரே ஓட்டமாக வாசலுக்கு வந்து காதைப் பொத்திக்கொள்கிறாள். அவளைப் பார்த்து, வாசலில் நின்ற புருஷன் முனியராஜும் மகள் சினேகாவும் பொத்திக்கொள்கிறார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. சினேகா எட்டிப் பார்க்கிறாள். எந்த மத்தாப்பிலும் பார்த்திராத சுத்த நீலம். "எம்மா, அது பாட்டுக்கு எரியுது." முனியராஜுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கவர்மெண்டு மானியத்துல வார கேஸு, வீணாப் போகுது. போயி பால வையி புள்ள." பால் சட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் காதைப் பொத்தியபடியே உள்ளே போகிறாள் செல்வலட்சுமி.