தலை பார்த்து

வாணலியில் உருளைக்கிழங்கு முறுகிக்கொண்டிருக்கிறது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு அடுப்பு மேடையில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு கையில் கரண்டியோடு, மறு கையை உப்புக்காக இடப்பக்கம் நீட்டுகிறாள் அவள். விரல்கள் வெறும் சுவரில் முட்டுகின்றன. அங்கே அலமாரி இருப்பது இந்த வாடகை வீட்டில் இல்லை, அவர்கள் வாங்குவதாக இருந்த வீட்டில். அது வேறு யாருக்கோ முடிந்துவிட்டதென்று புரோக்கர் சற்றுமுன்தான் போனில் சொன்னார். கூடத்து நாற்காலியில் போனை வெறித்தபடி உட்கார்ந்திருக்கிறான் கணவன்.

"இது மூணாவது வீடு. நமக்குக் கொடுத்து வைக்கல போல."

"அதெல்லாம் கொடுத்து வச்சிருக்கு. நாலாவதா ஒண்ணு கட்டாமலா இருப்பாங்க? ஆறிடப்போகுது, வாங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. கைநழுவிப் போன அந்த வீட்டில் சமையலறை வாசல்நிலை தாழ்வு. பார்க்கப் போனபோதெல்லாம் அவன் நெற்றியை இடித்துக்கொண்டு, "இங்க தினமும் கும்பிடு போட்டாத்தான் சோறு" என்று சிரிப்பான். இப்போது வாசனை பிடித்துக்கொண்டே வருகிறான். "நல்லாத்தான் முறுகியிருக்கு" என்கிறான்.

திரும்பிப் பார்க்காமலே அவள் சொல்கிறாள்: "தலை, பாத்து."

சொன்ன பிறகுதான் அவள் கரண்டி நிற்கிறது. திரும்புகிறாள். அவன் ஏற்கெனவே குனிந்துதான் நுழைந்துகொண்டிருக்கிறான். இந்த வீட்டு நிலை அவன் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது.