காஷிஃபுக்கு இல்லாத இருமல்

பாலாற்றின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் பரணிதரனைப் போலச் சுதந்திரமாக வளர்க்கப்பட்ட பிள்ளை இன்னொன்று கிடைக்காது.

இதைச் சொன்னது பரணிதரனேதான். ஆதாரங்களும் வைத்திருந்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தை அவனே போட்டான். அமிர்தி அருவியில் வழுக்கிக் கை உடைந்தபோது, அம்மா சௌந்தரத்துக்கு மாவுக்கட்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, தையல் லைன். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"கேள்வி கேக்க ஆளே கிடையாது. ராஜ வாழ்க்கை," என்பான்.

அப்படிப்பட்டவனுக்குத் தோஸ்தாக வாய்த்தவன் காஷிஃப்.

வைவா பரீட்சை என்றால் காஷிஃபுக்கு உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், சொந்தப் பெயரே மறந்துபோகும். அவனுடைய அம்மி அக்தரி பேகம் மணிக்கொரு தடவை கூப்பிடுவார். பஸ் ஏறியாச்சா, இறங்கியாச்சா, குடை இருக்கா. மதியம் சாப்பிட்டு முடித்ததும் காலி டப்பாவைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒருமுறை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, மூலையில் நாலு பருக்கை ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார்.

"எங்கம்மா தைக்கிற எக்ஸ்போர்ட் ஷூவுக்கே இவ்ளோ செக்கிங் இல்லடா," என்றான் பரணி. "உனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. அம்மா ஜாஸ்தி. டோஸ கம்மி பண்ணா சரியாப்போய்டும்."

பத்து வருஷமாக, அந்த போன் அடிக்கும்போதெல்லாம் முதலில் திரும்பிப் பார்ப்பவன் பரணிதான்.

கல்லூரி கவுன்சிலர் மேடமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. ஒரு வாரத்துக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காஷிஃப் போனைத் தொடக் கூடாது. படம் கூடாது, பதில் கூடாது. பதில் போகாவிட்டாலும் உலகம் இடிந்துவிடாது என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் வைவா. இந்தத் தடவையும் வாய் திறக்காவிட்டால் செமஸ்டர் போச்சு.

அம்மியிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிற்பார் என்பதால், அவரிடம் சொல்லவில்லை.

"அம்மி போன் பண்ணாலும் எடுக்காத. எடுத்தா எல்லாம் வேஸ்ட்டு," என்று சொல்லித்தான் காஷிஃப் திங்கட்கிழமை போனைப் பரணியிடம் கொடுத்தான். அவனைவிட நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறார்கள்?

இன்று வியாழன். சைக்கிள் ஷெட் நிழல். பரணியின் பையில் இரண்டு போன். அவனுடையதில் இந்த வாரம் முழுக்க வந்தது, ரீசார்ஜ் நினைவூட்டல் ஒன்று.

காஷிஃப் பாதி சாதம் தின்றுவிட்டு டப்பாவைப் பரணி பக்கம் தள்ளினான்.

"நாலு நாளாச்சு, அம்மி ஒரு வார்த்தை கேக்கல. மேடத்துக்கே ஆச்சர்யம்," என்றான். முகத்தில் லேசாகத் தெம்பு. "ஆனா நேத்து ராத்திரி இருமல் மருந்து ஊத்திக் குடுத்தாங்க. எனக்கு இருமலே இல்லடா."

"அதான்டா ஓவர்டோஸ்," என்றான் பரணி, தொண்டையைச் செருமிக்கொண்டு.

காஷிஃப் கவுன்சிலர் அறைப் பக்கம் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்சத்தைத் தின்றான். மூலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் விரலால் வழித்தான். வெளிச்சம் விழுகிற பக்கமாக டப்பாவைத் திருப்பி, காஷிஃபின் போனில் படம் எடுத்து அம்மிக்கு அனுப்பினான். அனுப்பியதை, மூன்று நாளாகச் செய்கிற மாதிரியே, காஷிஃப் கண்ணில் படாமல் அழித்தான்.

அரை நிமிஷம் ஆகவில்லை. போன் அடித்தது. எடுத்தான்.

"கானா காயா, பேட்டா? சாப்ட்டியா? இருமல் கம்மியாச்சா?"

ஆமாம் என்பதற்கு ஒரு 'ஹான்' போதும். காஷிஃப் என்றைக்கும் அதற்கு மேல் பேசியதில்லை. மூன்று நாளாகப் பரணியும் அதற்கு மேல் பேசவில்லை.

பரணி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், தேவைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருமினான்.