தானாக மாறும் மவுஸ்

பிரிண்ட் என்ற இடத்தில் மவுஸை வைத்து அழுத்தினால், வேண்டாத பட்டியல் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு விரிந்தது. மருத்துவமனை வரவேற்பு மேஜையில் இருந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வாரத்தில் இது நாலாவது நாள்.

மற்ற நாளாக இருந்தால் பொறுத்துப் போயிருப்பாள். இன்று பதினோரு மணிக்கு அவளுடைய ஏழு வயது மகளுக்கே காதில் ஆபரேஷன். குழந்தை உள்ளே பச்சை கவுனில் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே சம்மதப் படிவம் அச்சாகாமல் மணி பத்தரையைத் தாண்டிவிட்டது.

"வேற டாக்டர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே" என்று கணவர் போன மாதமே சொன்னார். "நம்ம டாக்டர் இருக்கும்போது வேற யாரு?" என்று இவள்தான் அவர் வாயை அடைத்தாள்.

ஆத்திரம் தாங்காமல் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க அநியாயம் இது? தினம் நான் செட்டிங்கைச் சரி பண்ணிட்டுப் போறேன். காலைல வந்தா வலது பட்டன் இடதாகி, இடது பட்டன் வலதாகிக் கிடக்கு. அப்டேட்டுன்னு சொல்லி அது இஷ்டத்துக்கு மாத்திக்குமா? அப்ப நான் எதுக்கு இங்க, வேடிக்கை பார்க்கவா?"

"பாவம் மேடம், அது மேல பழியப் போடாதீங்க" என்றார் அவர் நிதானமாக. "வாங்கும்போதே அது வலது கைக்காரங்களுக்குத்தான் செட் பண்ணி வரும். தானா மாறினா அதுக்குத்தான் திரும்பும். இடது கைக்கு மாறியிருக்குன்னா, யாரோ தேடிப் போய் மாத்தியிருக்காங்க."

"என்னைத் தவிர யாரு தொடப்போறா? காலைல எனக்கு முன்னாடியே டாக்டர் வந்து இதுல ஸ்கேன் படம் பார்ப்பார். அவரும் வலது கைக்காரர்தான்."

"அப்ப எனக்குத் தெரியல மேடம்" என்று அவர் கழன்றுகொண்டார்.

ஒரு உதவிக்கும் துப்பில்லை என்று முணுமுணுத்தபடி அவளே செட்டிங்கைத் தேடி மாற்றினாள். ஒருவழியாகப் படிவம் வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் தாய் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் உடையில் டாக்டர் வெளியே வந்தார். "பாப்பா ரெடிம்மா, மயக்க மருந்து குடுத்தாச்சு" என்று படிவத்தை வாங்கிக்கொண்டவர் கண், திரையில் மூடாமல் கிடந்த மவுஸ் செட்டிங்மேல் விழுந்தது.

"அடடா, மவுஸை மறுபடி மாத்திட்டியா? நான்தான் தினம் இடது கைக்கு வெச்சுட்டுப் போறேன்."

"நீங்களா டாக்டர்?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நாலு நாளா உயிர் போகுது எனக்கு. உங்களுக்கு எதுக்கு இடது கை?"

டாக்டர் சிரித்தபடியே உள்ளே திரும்பினார்.

"வலது கை கொஞ்ச நாளா நடுங்குதும்மா, அதான் ஆபரேஷனுக்கு மட்டும்னு பத்திரமா வெச்சிருக்கேன்."