மிஞ்சிய கரி

"ஐம்பத்தொண்ணா? நல்லாப் பாத்துத்தான் சொல்றியாம்மா?" என்றார் தார் ஆலை மேலாளர்.

"ஆமா சார். நூறு கிராம் தார்க்கட்டியைச் சுட்டா ஐம்பத்தோரு கிராம் கரி மிஞ்சும்."

கட்டி எந்தச் சூட்டில் இளகுகிறது, கரைப்பானில் எவ்வளவு கரையாமல் நிற்கிறது என்று பார்த்து, சுடாமலே கரியின் அளவைச் சொல்லும் சூத்திரம், ஆய்வகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்த அவளுடையது.

"ஒன்பது கட்டிக்குப் பிசகாம சொல்லிட்ட. இது கடைசி. உலையிலயும் இதே எண் வந்தா உனக்கு வேலை நிரந்தரம், உலை அறைக்குப் பூட்டு. வரலைன்னா உலை இருக்கும், நீ கிளம்ப வேண்டியதுதான். உங்கப்பா சீட்டுல பொய் வராது, அது எனக்குத் தெரியும்."

இருபத்தாறு வருடமாக அந்த உலையில் சுட்டு, எடை போட்டுச் சீட்டு எழுதுகிறவர் அவளுடைய அப்பா. கட்டியை வாங்கி விரலால் உரசிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அப்பனுக்கும் மகளுக்கும் போட்டி வெச்ச புண்ணியவான்!" என்று, மேலாளர் போன பிறகு அப்பா முணுமுணுத்தார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் சாப்பிடவில்லை.

"கண்ணு, எங்கயாவது கணக்கு தப்பாயிருக்குமோ? இன்னொரு தடவை பாரேன்."

"எல்லாம் சரியாத்தாம்ப்பா இருக்கு. நீங்க உள்ளதை உள்ளபடி எழுதுங்க, போதும்."

"நான் என்னிக்கு மாத்தி எழுதினேன்?"

"உலையை மூடிட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

"காலை நீட்டித் தூங்குவேன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதற்கே அவர் படும் பாடு அவளுக்குத் தெரியும். வேலை என்ற ஒன்றுதான் அவரை நடமாட வைத்திருந்தது.

மாலையில் சீட்டு வந்தது. மேலாளர் பிரித்தார்.

"ஐம்பத்தொண்ணு! அட்ரா சக்கை! பெரியவரே, உலையை அணைச்சிடுங்க. பொண்ணு உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுட்டா."

அப்பா உலை அறைச் சாவியை மேசைமேல் வைத்தார். "நல்லா இரு கண்ணு," என்று அவள் தலையைத் தொட்டார்.

அவளுக்குத் தாங்கவில்லை. கழிவறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சூத்திரத்தில் வந்த எண் ஐம்பத்தெட்டு. உலையிலும் அதுதான் வந்திருக்கும். அப்பாவின் உலை பிழைக்கட்டும் என்று, அதில் ஏழு குறைத்துச் சொன்னவளே அவள்தான்.